கடல்நீரை வாசித்தல்: பெயர், தொகை, உரிமை

1

விஞ்ஞானம் பற்றிப் பேச்சு வந்தால் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் இரண்டு வாய்ப்பாடுகள் தயாராக இருக்கும். விஞ்ஞானம் அதிகாரத்தின் மொழி, மேற்கின் பெருங்கதையாடல், அதைக் கட்டுடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது ஒன்று. மீனவருக்கும் விவசாயிக்கும் எல்லாம் ஏற்கனவே தெரியும், ஆய்வுக்கூடம் அதைத் திருடிக்கொள்கிறது என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் சிரமத்திலிருந்து இரண்டுமே நம்மைத் தப்புவிக்கின்றன.

தமிழ் எம்.ஏ. படித்த ஒருவன் கடல்நீரின் நுண்ணுயிர்களைப் பற்றி எதுக்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். நான் இருப்பது செங்கல்பட்டில். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் இந்த மாவட்டத்துக் கரையில் இரண்டு பெரிய நிறுவனங்கள் நாள்தோறும் கடலை உள்ளிழுத்துக்கொண்டிருக்கின்றன. நெம்மேலியில் உப்புநீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-இல் தொடங்கியபோது அதன் அளவு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று அதன் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. தெற்கே கல்பாக்கத்தில் 1980களிலிருந்து அணுமின் நிலையம். அதன் குளிர்விப்புக்குக் கடல்நீர் கடலுக்கடியிலான சுரங்கம் வழியாக வருகிறது. இந்த இரு இடங்களிலும் கடல்நீரின் நுண்ணுயிர்களுக்கு ஒரே பெயர்தான்: தொல்லை. குழாய்ச் சுவரிலும் சவ்விலும் அவை வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் கொட்டலசும் மட்டியும் வந்து குடியேறுகின்றன. குளோரின் போட்டு அவற்றை விரட்ட வேண்டியிருக்கிறது.

அதே நுண்ணுயிர்கள் வேறொரு மேசையில் பொக்கிஷம். மருந்துக்கு, நொதிகளுக்கு, காப்புரிமைக்கு அவை வேண்டும். மூன்றாவதாக ஒரு பார்வையும் உண்டு. கடல் மூச்சு விடுகிறதா, திணறுகிறதா என்பதை அவற்றிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தொல்லை, சொத்து, சாட்சி என்று ஒரே உயிருக்கு மூன்று சொல்லாடல்கள். எது நிலைக்கும் என்பது யார் வாசிக்கிறார்கள், வாசித்ததை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வாசிப்பு நமக்கு வேண்டும், ஆனால் அதன் ஏடு கரையில் இருப்பவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

முதலில் வாசிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சராசரியாகப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைப் போலப் பத்து மடங்கு. ஒரு வாய் கடல்நீர் உள்ளே போய்விட்டால் ஒரு மாநகர மக்கள்தொகையை விழுங்கியதாகக் கணக்கு. ஆனாலும் நூறாண்டுக்கு மேலாக இவற்றில் மிகப்பெரும் பகுதி யார் கண்ணிலும் படவில்லை. காரணம் முறையியல். 1880களிலிருந்து பாக்டீரியாவை அறிவதென்றால் அதைத் தட்டில் வளர்ப்பது என்று பொருள். தட்டில் ஊற்றும் பசை அகர், கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி நம் பெண்கள் பறித்து வருகிறார்களே, அந்த வகைப் பாசிகள்தான். அந்தப் பசையில், நாம் கொடுக்கும் சாப்பாட்டில், நாம் வைக்கும் சூட்டில் வளர்ந்தால் அது இருக்கிறது. வளராவிட்டால் அது இல்லை.

நுண்ணோக்கியில் எண்ணினால் ஒரு கணக்கு, தட்டில் எண்ணினால் வேறு கணக்கு. தட்டில் முளைத்து வருவது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. இந்த இடைவெளிக்கு 1985-இல் ஸ்டேலி, கோனொப்கா என்ற இருவர் 'தட்டுக் கணக்கின் மாபெரும் முரண்' என்று பெயரிட்டார்கள். நம் மொழியில் சொன்னால், குடிக்கணக்கு எடுக்க வந்தவர் மெத்தை வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு ஊரைப் பற்றி அறிக்கை எழுதியது போல. விளிம்பில் இருப்பதை அறிவுத்துறைகள் எப்படித் தவறவிடுகின்றன என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே விளிம்பு என்று ஒதுக்கப்பட்டது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

இதை உடைத்த வழி, உயிரை வளர்க்காமலே அதன் எழுத்தைப் படிப்பது. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், எல்லா உயிரணுக்களிலும் புரதம் கட்டும் பட்டறையாக இருக்கும் ரிபோசோமின் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு, ஆர்க்கியா என்ற தனி உலகமே இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஆர்.என்.ஏ. எல்லாரிடமும் உண்டு, ஆனால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருக்கும். எனவே அதை அடையாளச் சீட்டாகக் கொள்ளலாம். நார்மன் பேஸ் இந்த உத்தியை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே, ஊற்றுநீருக்கும் கடலுக்கும் கொண்டுபோனார். 1990-இல் ஸ்டீபன் ஜியோவானோனியின் குழு அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்நீரில் இந்தச் சீட்டுகளைத் தேடியபோது, எந்தத் தட்டிலும் முளைக்காத ஒரு கூட்டம் அங்கே பெருவாரியாக இருப்பது தெரிந்தது. அதற்குப் பெயர் இல்லை. சர்காசோவின் முதல் எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்.ஏ.ஆர்.11 என்று அழைத்தார்கள்.

சங்கத்தொகை படித்தவருக்கு இது புதிதல்ல. புலவர் பெயர் கிடைக்காதபோது பாடலில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று நம்மவர்கள் எழுதி வைக்கவில்லையா? பாட்டு இருக்கிறது, ஆள் இல்லை. பாட்டே ஆளுக்குப் பெயராகிறது. எஸ்.ஏ.ஆர்.11 பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2002-இல், கிட்டத்தட்டச் சத்தே இல்லாத கடல்நீரில் அதை வளர்க்க முடிந்தது. சத்தான தட்டில் அது வளராமல் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. வறுமைக்குப் பழகிய உயிரைக் கல்யாணச் சாப்பாட்டால் சோதித்திருக்கிறார்கள். கடலின் மேற்பரப்பில் நான்கு செல்லுக்கு ஒன்று இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இன்று கணிக்கிறார்கள்.

3

அடையாளச் சீட்டு, ஆள் யார் என்று சொல்லும். ஆள் என்ன செய்வான் என்று சொல்லாது. அதற்கு முழு மரபணுத்தொகையையும் வாசிக்க வேண்டும். இங்கேதான் மெட்டாஜீனோமிக்ஸ் என்ற முறை வருகிறது. சொல் 1998-இல் புழக்கத்துக்கு வந்தது. தனி உயிரின் மரபணுத்தொகைக்குப் பதிலாக ஓர் இடத்தில் உள்ள எல்லா உயிர்களின் மரபணுக்களையும் ஒன்றாக அள்ளிப் படிப்பது என்று அதற்குப் பொருள்.

செய்முறை இப்படி: கடல்நீரை மிக நுண்ணிய துளைகளுள்ள வடிகட்டியில் விடுகிறார்கள். துளை 0.22 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பாக்டீரியா மேலே தங்கும், பெரும்பாலான வைரஸ்கள் கீழே போய்விடும். தங்கியதை உடைத்து டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் நூறு, நூற்றைம்பது எழுத்தை இயந்திரம் வாசிக்கிறது. எழுத்துகள் நான்கே நான்கு. இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள். பிறகு கணினி அவற்றை ஒட்டுகிறது.

ஒட்டுவது எப்படி? அந்தாதி முறைதான். ஒரு துண்டின் கடைசியும் இன்னொரு துண்டின் முதலும் ஒன்றாக இருந்தால் இரண்டும் அடுத்தடுத்தவை. ஒரு நூலகத்தின் எல்லா ஓலைச்சுவடிகளையும் சீவித் தள்ளி, கலந்து, பிறகு அந்தாதித் தொடையை மட்டும் துணையாகக் கொண்டு நூல்களை மீட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நூலும் முன்பு அச்சானதில்லை. எத்தனை நூல்கள் என்பதும் தெரியாது. சில நூல்களுக்கு ஆயிரம் படிகள் இருக்கும், சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று.

பதிப்பாசிரியர் படும் பாடுகள் எல்லாம் இங்கும் உண்டு. மடக்கு அணியைப் போல ஒரே வரிசை பல இடங்களில் திரும்ப வந்தால் கணினி வழி தவறும், இரண்டு நூலை ஒன்றாகத் தைத்துவிடும். ஒரே இனத்தின் இரண்டு செல்களில் எழுத்து மாறியிருக்கும், இது பாடபேதம். எதை மூலபாடம் என்பது? பல சமயம் மூலபாடமே கிடையாது, பேதங்கள் மட்டுமே உண்டு. இன்னும் சுவாரசியமானது இடைச்செருகல். பாக்டீரியாக்கள் தாயிடமிருந்து மட்டும் மரபணு பெறுவதில்லை. பக்கத்து ஆளிடமிருந்தும், உறவே இல்லாத இனத்திடமிருந்தும், வைரஸ் வழியாகவும் பெற்றுக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணு இப்படித்தான் பரவுகிறது. சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்று கேட்பதைவிட, எந்த எதிர்ப்பு மரபணு கைமாறிக்கொண்டிருக்கிறது என்று கேட்பது முக்கியமாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தட்டில் வளர்ப்பதை மட்டும் நம்பியிருந்தால் பதில் கிடைக்காது.

இனம், தனி உயிர், வம்சம் என்று நாம் உறுதியாக நம்பிவந்த வகைப்பாடுகள் இங்கே தளர்கின்றன. ஃபூக்கோ 1966-இல் வெளியான 'சொற்களும் பொருட்களும்' நூலில், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இயற்கை வரலாறு கண்ணுக்குத் தெரிவதற்குப் பெயரிடும் காரியமாக இருந்தது என்று காட்டினார். இன்றைய கடல் ஆய்வில் கண்ணுக்குத் தெரிவது எதுவுமில்லை. உருவமில்லாத எழுத்துத்தொடர் மட்டும் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.

அளவு எப்படிப் பெருகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் கிரேக் வெண்டரின் குழு சர்காசோ கடல்நீரைப் படித்து வெளியிட்டபோது, அதுவரை அறியாத 12 லட்சம் மரபணுக்கள் கிடைத்தன. குறைந்தது 1,800 இனங்களின் தடயம் அதில் இருந்தது. அதே வெண்டர் பிறகு தன் 'சார்சரர் 2' படகில் உலகக் கடல்களைச் சுற்றினார். 2009 முதல் 2013 வரை பிரான்சின் 'தாரா' பாய்மரக் கப்பல் சேகரித்த நீரிலிருந்து 2015-இல் 4 கோடி மரபணுக்களின் அட்டவணை வந்தது. இந்தியாவில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2021 மார்ச்சில் 'சிந்து சாதனா' கப்பலை விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பியது. இந்துமாக்கடலின் பல ஆழங்களில் நீரும் படிவும் எடுத்து நுண்ணுயிர்களின் மரபணுக்களையும் புரதங்களையும் வரைபடமாக்குவது திட்டம். ஆக, நம் கடலும் வாசிக்கப்படும் கடலாகிவிட்டது.

4

பெயர் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். மரபணு வாசிப்பு அதிகாரத்தின் கருவி மட்டும்தான் என்பவர்களுக்காக.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் தொடங்கி ஈ.சி.ஆர். நெடுகக் கடல் இரவில் நீலமாக மின்னியது நினைவிருக்கும். 2024 அக்டோபரிலும் அப்படியே. மின்னியது நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிர். அதன் பச்சை வகைக்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. அதன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான சிறு பச்சை உயிர்கள் நீந்திக்கொண்டிருக்கும். அவை வெயிலில் சமைக்கும், இது சாப்பிடும். கூடவே வெளியிலிருந்தும் வேட்டையாடும்.

உள்ளே குடியிருக்கும் அந்தச் சிறு பச்சை உயிரை விவரித்துப் பெயரிட்டவர் ஆர். சுப்ரமண்யன். 1946-இல் சென்னைக் கரையின் மிதவை டையாட்டங்களை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்து, நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஆய்வை வெளியிட்டவர். கள்ளிக்கோட்டைக் கடல் பச்சையாக மாறியபோது நாக்டிலூகாவுக்குள் பார்த்து, 1954-இல் அந்த உயிருக்குப் புரோட்டோயூக்ளினா நாக்டிலூகே என்று பெயர் வைத்தார். அது யூக்ளினா வகையைச் சேர்ந்தது என்பது அவர் முடிவு. 1976-இல் அமெரிக்க அறிஞர் பியாட்ரிஸ் ஸ்வீனி தென்கிழக்காசியக் கடலில் கிடைத்ததை ஆராய்ந்து, இது யூக்ளினா இல்லை, பெடினோமோனாஸ் என்ற வேறு பேரினம் என்று மாற்றினார். அடுத்த நாற்பதாண்டு உலகம் அந்தப் பெயரையே எழுதியது. சுப்ரமண்யன் அடைப்புக்குறிக்குள் போனார்.

2016-இல் அந்த உயிரின் மூன்று மரபணுக்களை வாசித்தார்கள். யூக்ளினாவும் இல்லை, பெடினோமோனாஸும் இல்லை; பச்சைப்பாசிகளில் தனிப் பேரினம் என்று தெரிந்தது. தனிப் பேரினம் என்றால் தனிப் பெயர் வேண்டும். விதிப்படி முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. புரோட்டோயூக்ளினா திரும்பி வந்தது.

இதை 'இந்திய விஞ்ஞானிக்கு நீதி கிடைத்தது' என்று தேசியப் பெருமிதமாக்கத் தேவையில்லை. சுப்ரமண்யனின் பெயர்தான் திரும்பியது, அவருடைய வகைப்பாடு திரும்பவில்லை. பெயருக்குள் யூக்ளினா என்ற பிழையும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. மையத்தின் தீர்ப்பை மரபணு வாசிப்பு கலைத்துப்போட முடிந்தது. ஆனால் கள்ளிக்கோட்டையில் ஒருவர் பொறுமையாகப் பார்த்து, வரைந்து, அச்சில் ஏற்றி வைத்திருந்ததால்தான் திரும்பி வருவதற்கு ஒரு பெயர் இருந்தது. ஏட்டில் ஏறாத எதுவும் திரும்பி வராது.

கரையில் இந்த உயிரை அறிந்தவர்கள் சுப்ரமண்யனுக்கு முன்பும் உண்டு. கொக்கிலமேட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தண்ணி மின்னுற ராத்திரியில வலை விட்டா வெளிச்சம் போட்டுக் காட்டுற மாதிரி தம்பி. மீனு வலையைப் பார்த்துட்டு ஒதுங்கிடும்." ஒளியைத் தொழிலோடு சேர்த்து அறிந்த அறிவு இது. உள்ளே பச்சைக் குடித்தனம் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. மீன் ஒதுங்குவது மரபணு வரிசையில் தெரிய வழியில்லை. ஒன்றை இன்னொன்றின் முன்வடிவம் என்று சொல்லி இரண்டையும் சிறுமைப்படுத்த வேண்டாம்.

மின்னும் அழகுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி அழுகியபோது நீரின் ஆக்சிஜன் சரிந்து பவளங்களும் மீன்களும் செத்தன. கல்பாக்கத்திலும் 2007 மார்ச்சில் டிரைக்கோடெஸ்மியம் என்ற வேறொரு நுண்ணுயிர் பெருகிக் கடல் நிறம் மாறியதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் நிறம் மாறுவது ஓர் அறிவிப்பு. யாருக்கு அறிவிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

5

வாசிப்பின் எல்லை எங்கே என்பதற்கு வங்காள விரிகுடாவே நல்ல உதாரணம்.

உலகக் கடல்களில் சில இடங்களில் நடு ஆழத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. அரபிக்கடலில் அப்படி ஒரு பகுதி உண்டு. அங்கே சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. கடலுக்கு உரமாக இருக்கும் நைட்ரஜன் வாயுவாகி வெளியே போய்விடுகிறது. வங்காள விரிகுடாவிலும் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. ஆனால் அந்த அளவு நைட்ரஜன் இழப்பு இங்கே இல்லை. ஏன்?

2017-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் லாரா பிரிஸ்டோவும் இந்திய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவும் எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்தது. அந்த வேலையைச் செய்யக்கூடிய நுண்ணுயிர்கள் இங்கே இருக்கின்றன, மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் வேலை பெரிதாக நடப்பதில்லை. மேற்பரப்பில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஆக்சிஜன் அந்த ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளி ஆக்சிஜன் இருப்பதால் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை எடுத்துக்கொள்கின்றன, இவற்றுக்குத் தீனி கிடைப்பதில்லை. அந்தத் துளியும் போய்விட்டால் விரிகுடாவும் அரபிக்கடல் போல ஆகலாம்.

எழுத்து இருக்கிறது, இன்னும் உச்சரிக்கப்படவில்லை. மரபணுவை வாசித்தால் கடலால் என்னவெல்லாம் முடியும் என்று தெரியும். கடல் இப்போது என்ன செய்கிறது என்பது தெரியாது. அதற்கு ஆக்சிஜனை அளக்க வேண்டும், ஆர்.என்.ஏ.யை வாசிக்க வேண்டும், வருஷம் முழுக்க, வாடையிலும் கச்சானிலும், திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போக வேண்டும். பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு சூழலைச் சொல்லிவிடலாம் என்று நினைத்த நம் விமர்சகர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

இங்கே பணயத்தில் இருப்பது மீன்பிடிப்பு முழுவதும். ஆறுகள் கொண்டுவரும் உரமும் சாக்கடையும் கடலில் நுண்ணுயிரைப் பெருக்குகின்றன. பெருகியது செத்துக் கீழே இறங்கி, அழுகும்போது ஆக்சிஜனை உண்கிறது. கடல் சூடாகச் சூடாக, அது கரைத்து வைத்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அந்த விளிம்பில்தான் விரிகுடாவின் நடு ஆழம் நின்றுகொண்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு அனுபவமுள்ள மீனவரும் முந்நூறு மீட்டர் ஆழத்து நைட்ரைட்டை அறிய முடியாது. எனவேதான் இந்த வாசிப்பு நமக்கு வேண்டும் என்கிறேன்.

அளவீட்டை வெறுக்கும் தோழர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னதற்குப் பின்னால் மக்கள் போராட்டம் இருந்தது. நீதிமன்றத்தின் மேசையில் இருந்தது நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வறிக்கையும்தான். இரண்டும் சேர்ந்துதான் தீர்ப்பாயிற்று.

6

இனி உரிமை.

2018-இல் ராபர்ட் பிளாசியாக் என்பவரும் சகாக்களும் ஒரு கணக்கெடுத்தார்கள். கடல்வாழ் உயிர்கள் 862 இனங்களிலிருந்து 12,998 மரபணு வரிசைகள் காப்புரிமைகளில் ஏறியிருந்தன. அவற்றில் 47 சதவீதம் ஒரே ஒரு ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் பெயரில், பி.ஏ.எஸ்.எஃப். 98 சதவீதம் பத்தே நாடுகளில் இருப்போர் கையில். வரிசைகளில் முக்கால்வாசி நுண்ணுயிர்களுடையவை. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் கடலின் எழுத்து சொந்தமாகிக்கொண்டிருந்தது.

இதில் நுட்பம் என்னவென்றால், திருட்டு என்று எளிதாகக் கைகாட்ட முடியாது. வெண்டர் தன் கடல்வாசிப்பின் தரவுகளைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டார். யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனாலும் 2006-இல் உயிர்க்கொள்ளைக்கு எதிரான அமைப்புகள் அவருக்குக் கேலி விருது கொடுத்தன. பொது என்று வைத்ததை யாரால் பயன்படுத்த முடியும்? கணினியும் மூலதனமும் வக்கீலும் உள்ளவரால். சமுதாயக் கிணறு எல்லோருக்கும் பொது என்று பலகை எழுதி வைத்தால் போதுமா, ராட்டினமும் வாளியும் யார் வீட்டில் இருக்கின்றன என்று கேட்டவர்கள் நாம். இங்கேயும் அதே கேள்விதான்.

சட்டங்கள் மெதுவாக வருகின்றன. நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட பெருங்கடலின் பல்லுயிர் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. 60 நாடுகளின் ஒப்புதல் நிறைந்து 2026 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நீரை மட்டுமல்லாமல் நீரிலிருந்து வாசித்த எண்ணியல் வரிசையையும் அது பேசுகிறது. 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு, இத்தகைய வரிசைகளால் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பணம் செலுத்த ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. அதில் பாதியேனும் தொல்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது நோக்கம். ஆனால் செலுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பலன் எவ்வளவு என்பது நிறுவனங்களின் மனசைப் பொறுத்தது. அந்த மனசை நாம் அறிவோம்.

கரைக்கு வந்தால் நிலைமை வேறு. கரையோரக் கடல் அரசின் எல்லைக்குள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் உயிரியல் வளம் என்பதற்குத் தரும் வரையறையிலேயே தாவரம், விலங்கு என்பவற்றோடு நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் தில்லியில் இல்லை, நம் சென்னையில், தரமணியில். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று சட்டம் சொல்கிறது.

இங்கே இரண்டு சிக்கல்கள். உள்ளாட்சி என்று சட்டம் அறிந்தது அரசின் பஞ்சாயத்தை. கரையில் கடலைப் பற்றி முடிவெடுப்பது மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து. இரண்டும் ஒன்றல்ல. அடுத்து, பதிவேடு என்றதும் மூலிகையும் மரமும் பறவையும் எழுதத்தான் கை போகும். கண்ணுக்குத் தெரியாததைப் பதிவேட்டில் எழுத ஊரிடம் கருவி இல்லை. கருவி உள்ளவர்களுக்குப் பதிவேடு ஒரு பொருட்டில்லை.

7

அதனால் என் யோசனைகள் எளியவை.

கல்பாக்கத்து ஆய்வாளர்கள் தங்கள் உலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவேனும் பல பத்தாண்டாக அந்தக் கடலின் நுண்ணுயிர்களைக் கவனித்து வந்திருக்கிறார்கள். ஆய்வேடுகள் ஆங்கிலத்தில், ஆய்வு இதழ்களில் கிடக்கின்றன. அவற்றின் சாரம் தமிழில் வர வேண்டும். இதை மொழிபெயர்ப்பது கவிதை மொழிபெயர்ப்பதைவிடக் குறைந்த வேலை என்று நம் பத்திரிகைகள் நினைக்கக் கூடாது. நெம்மேலியில் உள்ளிழுக்கும் நீரில் பாதிக்கும் குறைவாகவே குடிநீராகிறது. மீதி ஏறத்தாழ இரு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. பக்கத்துச் சூளேரிக்காட்டுக் குப்பத்தார் கரை அரிப்பைப் பற்றிப் பல ஆண்டாக முறையிட்டு வருகிறார்கள். கரை அரிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. உப்புக்கழிவு விழும் இடத்தில் நுண்ணுயிர்ச் சமூகம் எப்படி மாறுகிறது என்பது தெரியாது. கழிவு விழும் இடத்திலும், அதிலிருந்து விலகிய இடத்திலும் பருவந்தோறும் நீர் எடுத்து வாசித்து ஒப்பிட்டால் தெரியும். இன்று அதற்கு விண்கலம் விடும் செலவு ஆகாது. ஒரு பல்கலைக்கழகத் துறையால் செய்யக்கூடியதுதான். செய்யச் சொல்லிக் கேட்பதும், முடிவை ஊரில் வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் நம் வேலை.

எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் காற்றில் நீர் எடுப்பது என்பதைக் கரைக்காரர்களிடம் கேட்க வேண்டும். மாதிரி எடுத்த நாளின் நீரோட்டமும் பாடும் குறிக்கப்படாத மரபணு வரிசை, திணையும் துறையும் தொலைந்த பாட்டு மாதிரி. படிக்கலாம், எங்கிருந்து யார் பேசுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அந்தத் திணையையும் துறையையும் எழுதத் தெரிந்தவர்கள் குப்பங்களில் இருக்கிறார்கள். எழுதியவர் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும். சுப்ரமண்யன் பெயர் அறுபதாண்டு கழித்தும் திரும்பி வந்தது அது அச்சில் இருந்ததால் என்பதை மறக்கக் கூடாது.

கட்டுடைப்பைக் கைவிடச் சொல்லவில்லை. உடைக்க வேண்டிய பிரதி எது என்று தெரிந்துகொள்ள முதலில் அதை வாசிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். நான்கே எழுத்தில் எழுதப்பட்ட கடலின் தொகை இப்போது வேகமாகப் பதிப்பாகிக்கொண்டிருக்கிறது. உரையாசிரியர்கள் வந்தாயிற்று, காப்புரிமை வாங்குகிறவர்களும் வந்தாயிற்று. நாம்தான் இன்னும் கரையிலேயே நிற்கிறோம்.